கை ஏன் கீழ்நோக்கியே ஓங்குகிறது?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு ஆங்காங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



'அடுத்தவரைத் துன்புறுத்துகிறவர்களைப் புரிந்துகொள்வது எப்படி' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கூட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஒரு மாணவர் கேட்டார்: "அண்ணே, கடிச்ச பாம்போட மனசை நாம எதுக்குண்ணே படிக்கணும்? கடிபட்டவனுக்கு வைத்தியம் பார்த்தா போதாதா?" நியாயமான கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பாம்புக்கடிக்கு மருந்து எங்கிருந்து வருகிறது? பாம்பின் நஞ்சிலிருந்துதான் வருகிறது. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் மக்களின் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். பாம்பின் மேல் பாசம் வைத்து அதைச் செய்யவில்லை. நஞ்சு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் முறிவு மருந்து தயாரிக்க முடியாது. புரிந்துகொள்வது வேறு, மன்னிப்பது வேறு. அடிக்கிறவனை மன்னிக்கச் சொல்லி நான் இங்கே வரவில்லை. எந்த இடத்தில் தட்டினால் அவன் கை இறங்கும் என்று பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் படிப்பு.

முதலில் சொல். நமக்கு இதற்கு எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். கேலி, கிண்டல், நையாண்டி, சீண்டல், வம்பு, ராகிங். பத்திரிகைகள் 'பகடிவதை' என்று எழுதுகின்றன. கவிதை எழுதுகிறவன் என்பதால் சொற்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பேன். இந்தச் சொற்களில் பெரும்பாலானவை அடிக்கிறவன் பக்கம் நின்று உண்டானவை. கேலி என்றால் சிரிப்பு. கிண்டல் என்றால் விளையாட்டு. எந்த விசாரணையிலும் முதல் வாக்குமூலம் இதுதான்: "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்." ஒருவன் மட்டும் சிரிக்கிற விளையாட்டு எப்படி விளையாட்டாகும்?

இன்னொரு சொல் இருக்கிறது: 'மோதல்'. 'இரு தரப்பு மாணவர்களிடையே மோதல்' என்று நாளிதழில் வரும். ஊரென்றால் 'இரு பிரிவினரிடையே மோதல்'. மோதல் என்றால் சமமான இருவர் முட்டிக்கொள்வது. நார்வேயின் பெர்கன் நகரில் டான் ஒல்வேயஸ் என்ற உளவியலாளர் வாழ்நாள் முழுக்க இதையே ஆராய்ந்தார். 1970களில் தொடங்கியவர். 1982 கடைசியில் வட நார்வேயில் மூன்று சிறுவர்கள் சக மாணவர்களின் கொடுமை தாங்காமல் தற்கொலை செய்துகொண்ட பிறகு, அந்த நாடே அவர் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. அவர் மூன்று அடையாளங்கள் சொன்னார். வேண்டுமென்றே செய்வது. திரும்பத் திரும்பச் செய்வது. செய்கிறவனுக்கும் படுகிறவனுக்கும் நடுவில் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. இந்த மூன்றாவது அடையாளத்தைத்தான் 'மோதல்' என்ற சொல் அழித்துவிடுகிறது. நம்மவர் புகார் கொடுத்த மறுநாளே எதிர்ப்புகார் ஒன்று பதிவாகிறதே, அதன் இலக்கணமும் இதுதான். இரண்டு தட்டையும் சமமாக்கிக் காட்டி, கடைசியில் 'சமாதானமா போயிடுங்கப்பா' என்று முடிப்பது.

சரி, ஒருத்தன் ஏன் இதைச் செய்கிறான்?

பொதுப்புத்தியில் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அடிக்கிறவன் உள்ளுக்குள்ளே காயம்பட்டவன், தாழ்வு மனப்பான்மை உள்ளவன், வீட்டில் அடி வாங்குகிறவன், பாவம். இதில் ஒரு பகுதி உண்மைதான். வீட்டில் அடிதடியைப் பார்த்து வளர்கிற பிள்ளை வெளியில் கை ஓங்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒல்வேயஸ் ஆராய்ந்து பார்த்தபோது, வழக்கமாகத் துன்புறுத்துகிற பையன்களிடம் அந்த ஒளிந்திருக்கிற பயத்தையோ தாழ்வு மனப்பான்மையையோ அவரால் காண முடியவில்லை. பதற்றம் அவர்களுக்கு மற்றவர்கள் அளவுக்கோ அதைவிடக் குறைவாகவோதான் இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறார்கள். வன்முறை பலன் தரும் என்று நம்புகிறார்கள். அது பலனும் தருகிறது.

காயம் என்கிற பதிலில் எனக்கு வேறொரு சந்தேகமும் உண்டு. காயம்பட்டவன் எல்லாம் அடிக்கிறானா? சேரியில் பிறந்த பிள்ளை படாத காயமா? அப்பன் குடிச்சிட்டு அடிக்கிறான், வாத்தியார் பேர் சொல்லாமல் கூப்பிடுகிறார், டீக்கடையில் தனி டம்ளர். காயம்தான் காரணமென்றால் இந்நேரம் இந்த நாட்டில் ஊர்த் தெருக்களில் ஒரு ஓடு மிச்சம் இருந்திருக்காது. ஆக, கோபத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அந்தக் கோபம் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வேறு ஒன்று.

நான் வேலை பார்ப்பது வங்கியில். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதில் ஒரு வசதி, கோபம் எப்படிப் பயணம் செய்கிறது என்று தினமும் பார்க்கலாம். மேலேயிருந்து போனில் ஒருவர் மேலாளரைத் திட்டுவார். மேலாளர் அதிகாரியைத் திட்டுவார். அதிகாரி எழுத்தரை. எழுத்தர், தினக்கூலிக்குப் பெருக்குகிறவரை. கடைசியில் முதியோர் உதவித்தொகை வாங்க வந்த ஒரு பாட்டியிடம், "ஏ கெழவி, ஓரமா போய் நில்லு" என்று ஒரு குரல் எழும். அதே நிமிஷம் உள்ளே நுழைகிற காண்ட்ராக்டரிடம் அதே குரல், "வாங்க சார், உக்காருங்க" என்று குழையும். கோபத்தில் நிதானம் இழந்துவிட்டேன் என்கிறார்களே, நிதானம் இழந்தவனுக்கு எப்படி இவ்வளவு கச்சிதமாக ஆள் தெரிகிறது? தண்ணீர் பள்ளத்தைத் தேடுவது இயற்கை. கோபம் பள்ளத்தைத் தேடுவது இயற்கை இல்லை, அது பழக்கம். எது பள்ளம் என்று இந்தச் சமூகத்தில் காட்டிக் கொடுப்பது சாதி.

ஸ்வீடனில் 1969இல் பீட்டர் பால் ஹெய்ன்மன் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். பள்ளிப் பிள்ளைகள் கும்பலாகச் சேர்ந்து ஒரு பிள்ளையைத் துன்புறுத்துவதைப் பற்றி நவீன காலத்தில் எழுந்த முதல் பேச்சுகளில் ஒன்று அது. அவர் வளர்ப்பு மகன் கறுப்பு நிறத்தவன். அவனுக்கு நடந்ததிலிருந்துதான் அவர் எழுதினார். கட்டுரையின் தலைப்பே 'அபார்த்தைட்'. தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு வழங்கிய அதே சொல். ஆக, இந்தத் துறையின் வேரிலேயே இனவெறி இருக்கிறது. பின்னால் வந்த ஆய்வுகளில் அது மெல்லக் கழன்று, ஏதோ சில பையன்களின் சுபாவக் கோளாறாகச் சுருங்கிப்போனது.

நம் நாட்டிலும் அதே கதைதான். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். தமிழகமே அதிர்ந்தது. அவசரச் சட்டம் வந்து, 1997இல் ராகிங் தடைச் சட்டமானது. ஈராண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்வி நிறுவனத் தலைவரும் குற்றத்துக்குத் துணைபோனவராகக் கருதப்படுவார் என்று அதில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகள் 2009இல் வந்தன. ஆனால் அந்த விதிகளில் சாதியைக் காட்டித் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று வெளிப்படையாக எழுத 2016 ஆகிவிட்டது. அந்த வருஷம் ஜனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா இறந்துபோயிருந்தார். சாதி என்ற ஒரு சொல்லை எழுதுவதற்கு இந்த நாட்டில் எத்தனை தாமதம், என்ன விலை!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். யார் அடிக்கிறார்கள், எப்போது அடிக்கிறார்கள்?

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பள்ளிகளில் ராபர்ட் ஃபாரிஸ், டயான் ஃபெல்ம்லி என்ற இரு சமூகவியலாளர்கள் செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மாணவர்களுக்குள் அந்தஸ்து ஏற ஏற, மற்றவர்களைத் துன்புறுத்துவதும் ஏறிக்கொண்டே போகிறது. உச்சியில் இருக்கிற மிகச் சிலரிடம் மட்டும் சட்டென்று குறைந்துவிடுகிறது. ஏன்? உச்சியில் இருப்பவனுக்கு நிரூபிக்க ஒன்றும் இல்லை. ஏணியில் பாதி ஏறியவனுக்குத்தான் மேலே போகிற ஆசையும் கீழே விழுகிற பயமும் சேர்ந்து இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு அண்ணல் அம்பேத்கர் ஞாபகம்தான் வந்தது. சாதியை அவர் வெறும் ஏற்றத்தாழ்வு என்று சொல்லவில்லை, படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார். எல்லாப் படியிலும் ஒருவன் நிற்கிறான். எல்லோருக்கும் மிதிக்கக் கீழே ஒரு படி இருக்கிறது. அதனால் மேலே இருப்பவனை எதிர்த்து எல்லோரும் ஒன்றுசேர முடியாமல் போகிறது. தனக்கு மேலே நிற்கிறவனால் பட்ட அவமானத்தை, கீழே நிற்கிறவனை அவமானப்படுத்தித் தீர்த்துக்கொள்கிற ஏற்பாடு இது. நிலமும் இல்லை, வேலையும் இல்லை, படிப்பும் ஏறவில்லை. ஆனால் 'நான் இன்ன சாதி' என்கிற ஒரே ஒரு சொத்து மட்டும் இருக்கிற இளைஞனை நினைத்துப் பாருங்கள். எதிரே ஒரு சேரிப் பையன் புதுச் சட்டை போட்டு, சைக்கிளில், நல்ல மார்க்கோடு போகிறான். அந்த ஒரே சொத்தும் செல்லாக்காசாகிற பயம் அவனுக்கு வந்துவிடுகிறது.

நாங்குநேரியைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 9. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற தலித் மாணவர். கூடப் படித்த சாதி இந்து மாணவர்கள் அவரைத் தொடர்ந்து துன்புறுத்தினார்கள். பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டார். பள்ளியில் ஏன் என்று கேட்டபோது விஷயம் வெளியே வந்து, புகாராகிறது. அன்று இரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இந்த வரிசையைக் கவனியுங்கள். எடுபிடி வேலை வாங்கியவரைக்கும் அரிவாள் வரவில்லை. 'இவன் நம்ம மேல புகார் குடுத்துட்டானா?' என்றபோதுதான் வந்தது. வெட்டுப்பட்ட கையோடு, வேறொருவர் துணையோடு தேர்வு எழுதி, 2024இல் அந்த மாணவர் 600க்கு 469 மதிப்பெண் வாங்கினார்.

2025 மார்ச் 10. தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கம், பரீட்சைக்குப் பேருந்தில் போன பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவரின் விரல்களை வெட்டினார்கள். கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்று அவர் குடும்பம் சொன்னது. பெரியவர்கள் உலகத்திலும் இதே தர்க்கம்தான். 1997இல் மேலவளவில் முருகேசனும் அவருடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்களே, அவர் செய்த குற்றம் என்ன? பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்தது. நாம் குனிந்திருக்கும்போது கேலி. நிமிரும்போது அரிவாள். அரிவாள் என்பது கேலி தோற்றுப்போன இடத்தில் வருவது. அதனால் 'சின்னக் கேலிதானே, விடுப்பா' என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள்.

உச்சியில் இருக்கிறவன் அடிப்பதில்லை என்றால் அவன் நல்லவன் என்று அர்த்தமா? அவனுக்குக் கை ஓங்க வேண்டிய அவசியம் இல்லை. அவனிடம் நேர்முகத் தேர்வு இருக்கிறது, செய்முறைத் தேர்வு மதிப்பெண் இருக்கிறது, பேசாமல் இருக்கிற மௌனம் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் நடந்தவற்றை விசாரித்து தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. தலித், பழங்குடி மாணவர்கள் துன்புறுத்தல் தாங்காமல் விடுதியில் தனியே ஒதுங்கி வாழ்ந்ததை அது பதிவு செய்தது. டாக்டருக்குப் படிக்கிற இடத்தில் சேரி! 2019இல் மும்பையில் ஒரு பழங்குடிப் பெண் மருத்துவர் தற்கொலை செய்துகொண்டார். மூத்த பெண் மருத்துவர்கள் மூவர் மீது வழக்கு. படிப்பு வந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் இதையும் யோசிக்கணும்.

இது பிறவிக் குணமா? இல்லை. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவில் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார். நீலக் கண் உள்ளவர்கள், பழுப்புக் கண் உள்ளவர்கள். ஒரு பிரிவு உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று சொன்னார். கொஞ்ச நேரத்திலேயே 'உயர்ந்த' பிள்ளைகள் நேற்றுவரை நண்பர்களாக இருந்தவர்களைச் சீண்ட ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு உயர்வையும் தாழ்வையும் மாற்றிப் போட்டபோது காட்சியும் தலைகீழானது. அந்தப் பிள்ளைகளுக்கு வெறுப்பு எங்கிருந்து வந்தது? வாத்தியாரம்மா அனுமதித்தார், அவ்வளவுதான்.

நம் பள்ளிகளில் இந்த அனுமதி தினமும் கொடுக்கப்படுகிறது. "ஸ்காலர்ஷிப் பசங்கல்லாம் எந்திரிங்க" என்று வகுப்பில் எழுப்பி நிறுத்துகிறபோது கொடுக்கப்படுகிறது. கக்கூஸ் கழுவ யார் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்பதில் கொடுக்கப்படுகிறது. மணிக்கட்டில் சாதிக் கலரில் கயிறு கட்டி வருகிற பையனைக் கண்டும் காணாமல் போகிறபோது கொடுக்கப்படுகிறது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வையுங்கள் என்றெல்லாம் சொன்னது. சாதாரண விஷயங்கள்தான். அதற்கே என்ன கூச்சல் எழுந்தது! கயிற்றை அறுத்தால் எது அறுந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அரிவாள் தூக்கியவனுக்கு வயது பதினேழு. அவன் கையில் கயிறு கட்டிவிட்டவனுக்கு வயது நாற்பது, ஐம்பது. பதினேழு வயதுக்காரன் கூர்நோக்கு இல்லத்துக்குப் போகிறான். ஐம்பது வயதுக்காரன் அடுத்த குருபூஜைக்குப் பேனர் கட்டுகிறான்.

இன்னொருவர் பாக்கி இருக்கிறார்: வேடிக்கை பார்க்கிறவர். பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி 1990களில் இதை விரித்துக் காட்டினார். அடிக்கிறவன், படுகிறவன் என்று இரண்டு பேர் மட்டும் அங்கே இல்லை. கூடச் சேர்ந்து அடிக்கிறவன், சிரித்து உற்சாகப்படுத்துகிறவன், ஒதுங்கிப் போகிறவன், தடுக்க வருகிறவன் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அடிக்கிறவன் பெரும்பாலும் இந்தக் கூட்டத்துக்காகத்தான் அடிக்கிறான். சிரிப்பு நின்றால் பாதி வேலை நின்றது. கனடாவில் பள்ளி விளையாட்டுத் திடல்களைப் படம் பிடித்து ஆராய்ந்து, 2001இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது சம்பவங்களுக்கு அருகில் வேறு பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறுக்கே வந்தது ஐந்தில் ஒரு முறைக்கும் குறைவு. ஆனால் அப்படி ஒரு பிள்ளை குறுக்கே வந்தபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே வினாடியில் அது நின்றுபோனது. பத்து வினாடி, தோழர்களே! ஆளைக் கூட்டிக்கொண்டு போகணும், அரிவாள் வேணும் என்று இல்லை. "டேய், விடுடா அவனை" என்று சொல்ல ஒரு வாய் வேணும்.

கடைசியாக நம்மைப் பற்றி. இதைப் பேசாமல் போனால் இந்த உரைக்கு நேர்மை இல்லை. படிநிலை என்றால் அது சேரி எல்லையோடு நின்றுவிடுவதில்லை. நம் நல விடுதிகளில் முதலாண்டு மாணவனை வைத்துத் துணி துவைக்கச் சொல்கிற அண்ணன்கள் இல்லையா? அருந்ததியர் வீட்டுப் பையனை வேறு குரலில் கூப்பிடுகிற நாக்கு நமக்குள் இல்லையா? மேடையில் ஜெய்பீம் சொல்லிவிட்டு வீட்டில் மனைவியின் தட்டை எட்டி உதைக்கிறவன் இல்லையா? கூட்டத்தில் ஒரு தோழியர் பேச எழுந்தால் பின்வரிசையில் எழுகிற அந்தச் சிரிப்பு எந்தச் சிரிப்பு? இதைச் சுட்டிக் காட்டினால் 'எதிரிக்கு ஆயுதம் கொடுக்காதே' என்பார்கள். அந்த ஆயுதம் ஏற்கெனவே நம் வீட்டுக்குள் நம் பெண்கள் மேல் பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது. நம் கீழே ஒரு படி இருக்கிறது என்று நாம் ஒத்துக்கொள்கிற வரைக்கும், நம் தலைமேல் நிற்கிறவனின் படியையும் ஒத்துக்கொள்கிறோம் என்றுதான் பொருள். விடுதலை என்பது மேல்படிக்கு மாறுவதில்லை, ஏணியையே உடைப்பது.

என்ன செய்யலாம்? நான்கு காரியம் சொல்கிறேன். ஒன்று, எழுதி வையுங்கள். தேதி, இடம், சொன்ன சொல், பக்கத்தில் நின்றவர் பெயர். திரும்பத் திரும்ப நடந்தது என்று நிரூபிக்க அதுதான் சாட்சி. இரண்டு, வாய்ப்புகாரோடு நிற்காதீர்கள். தலைமையாசிரியருக்கோ முதல்வருக்கோ எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 1997 சட்டத்தையும், 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மூன்று, புகார் கொடுத்த பிள்ளையை அன்று இரவு தனியாக விடாதீர்கள். நாங்குநேரி நமக்குச் சொல்லித் தந்த பாடம் இது. புகார் கொடுத்த இரவுதான் ஆபத்தான இரவு. இயக்கம் அந்த வீட்டுத் திண்ணையில் இருக்கணும். காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கணும். நான்கு, ஒவ்வொரு வகுப்பிலும், விடுதியிலும் இரண்டு பேராவது சேர்ந்து முடிவெடுங்கள்: 'நாம் சிரிக்க மாட்டோம், ஒதுங்க மாட்டோம்' என்று. அந்த இரண்டு பேரில் ஒருவர் சாதி இந்து மாணவராக இருந்தால் இன்னும் நல்லது. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தேடிப் பிடிப்பது நம் வேலை.

முதலில் கேட்ட மாணவருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். தம்பி, பாம்பு பயத்தில் கடிக்கும், யார் என்ன சாதி என்று பார்த்துக் கடிக்காது. மனுசன் ஆள் பார்த்து, இடம் பார்த்து, சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக் கடிக்கிறான். பார்த்துச் செய்கிறவனைத் தடுக்க முடியும். அவன் பார்க்கிற இடத்தில் எல்லாம் நாம் நிற்கணும்.